முப்பது மேகங்கள், ஒரே ஒரு கதவு: தொடக்கப்பள்ளி முழுவதும் பங்கேற்கும் இசை நாடகத்தை மேடையேற்றுவது எப்படி?

நான் முதன்முதலில் இயக்கிய பள்ளி இசை நாடகத்தில், முப்பது மேகங்கள் பாடி முடித்து மேடையிலிருந்து இறங்கத் தொடங்கின. அதே நேரத்தில் முப்பது நட்சத்திரங்கள் மேடை ஏறப் புறப்பட்டன. இரண்டு அணிக்கும் கதவு ஒன்றுதான். பஞ்சு ஒட்டிய அட்டைகளும் கூரிய முனை கொண்ட அட்டைகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஒரு மேகம் அழுதது. இரண்டு நட்சத்திரங்கள் அடித்துக்கொண்டன. மேடையில் தனியாக விடப்பட்ட நிலா, என்ன செய்வதென்று தெரியாமல் பார்வையாளர்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே நின்றது. பாட்டுக்கு இரண்டு மாதம் பயிற்சி கொடுத்திருந்தேன். வசனத்தை வரி வரியாகச் செதுக்கியிருந்தேன். கதவைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பல நாடகங்கள் ஆகிவிட்டன. அன்று தோன்றிய எண்ணம் மட்டும் மாறவில்லை. பள்ளி முழுவதும் பங்கேற்கும் நாடகத்தில் பாட்டும் நடிப்பும் பாதி வேலைதான். மறுபாதி, பிள்ளைகளை நகர்த்துவதும் அவர்களைக் காத்திருக்க வைப்பதும். புதிதாக இந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், எல்லோரும் உங்களிடம் "என்ன கதை?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி வேறு: "எத்தனை கதவு?"

முதலில் அளவுநாடா

கதையைத் தேடும் முன் அரங்கத்தை அளந்துவிடுங்கள். மேடை 8 மீட்டர் அகலமும் 5 மீட்டர் ஆழமும் இருந்தால் 40 சதுர மீட்டர். கையை வீசி ஆடும் பிள்ளை ஒருவருக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர் தேவை. வெறும் மேடையில் 40 பேர் ஆடலாம். பின்னால் ஒரு மரமும் பக்கத்தில் ஒரு வீடும் வைத்துவிட்டால் 30 பேர்தான். அதாவது, ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு. "கடைசிப் பாட்டில் எல்லோரையும் மேடையில் ஏற்றிவிடலாம்" என்று எவராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அடுத்து நேரக் கணக்கு. ஆறு வகுப்பு, வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 180 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையாக ஏறி அவரவர் இடத்தில் நிற்க ஒரு வகுப்புக்கு முக்கால் நிமிடம், இறங்க முக்கால் நிமிடம். ஆறு வகுப்புக்கும் சேர்த்து 9 நிமிடம். 45 நிமிட நாடகத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெறும் நடை! அந்த 9 நிமிடத்தையும் பார்வையாளர்கள் மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

இதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நடப்பதையே நாடகமாக்கிவிடுவது: இசை ஒலிக்கட்டும், எறும்புகள் எறும்புகளாகவே ஊர்ந்து வரட்டும், அலைகள் அலைகளாகவே வடியட்டும். இரண்டு, யாரையும் வெளியே அனுப்பாமல் இருப்பது. மேடையின் இரு பக்கமும் தரையில் பெஞ்சுகள் போட்டு மூத்த வகுப்புகளைச் சேர்ந்திசைக் குழுவாக முழு நேரமும் உட்கார வைத்துவிடுங்கள். தங்கள் காட்சி வந்ததும் எழுந்து மேடைக்குப் போவார்கள். முடிந்ததும் பெஞ்சுக்குத் திரும்புவார்கள். கதவுப் பிரச்சினை பெருமளவு தீர்ந்துவிடும். அதோடு எல்லாப் பாட்டுக்கும் வலுவான குரல்களும் கிடைக்கும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம் உட்காருவார்கள். ஐந்து வயதினர் உட்கார மாட்டார்கள். ஆகவே சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு மட்டும் "வந்து, பாடி, போகும்" முறையை வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் பாட்டும் நாடகத்தின் முதல் பாதியிலேயே முடிந்துவிடட்டும்.

கதை எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நாயகன், ஒரு வில்லன், ஒரு சிக்கல் என்று இறுகப் பின்னிய கதை பள்ளி முழுவதற்கும் பொருந்தாது. எட்டுப் பேர் நடிப்பார்கள், மற்றவர்கள் மரமாக நிற்பார்கள். நூலில் கோத்த மணிகள்போன்ற கதைதான் நமக்கு வேண்டும். தொலைந்துபோன பட்டத்தைத் தேடி இருவர் புறப்படுகிறார்கள். வழியில் எறும்புப் புற்று, ஆறு, காடு, மேகக் கூட்டம் என ஒவ்வொன்றாகக் கடக்கிறார்கள். ஒவ்வோர் இடமும் ஒரு வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாட்டு, ஐந்து நிமிடம். இதில் இன்னொரு லாபமும் உண்டு: ஒவ்வொரு மணியையும் அந்தந்த வகுப்பாசிரியர் தன் வகுப்பறையிலேயே பயிற்றுவிக்கலாம். நூலாக வரும் ஆறேழு பேரை மட்டும் நீங்கள் தனியாகப் பயிற்றுவித்தால் போதும்.

மொத்த நீளம் 45 நிமிடம். ஒரு மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. ஏழெட்டுப் பாட்டுகளுக்கு மேல் வேண்டாம்.

ஏற்கெனவே வெளியான நாடகத்தையோ பாட்டையோ எடுப்பதாக இருந்தால், உரிமையாளரின் அனுமதியை முதல் வாரத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். புத்தகத்தை விலைக்கு வாங்கியதாலேயே மேடையேற்றும் உரிமை கைக்கு வந்துவிடாது. காணொளி எடுத்து இணையத்தில் ஏற்றுவதற்கு அனுமதி பெரும்பாலும் தனி. சொந்தமாக எழுதுவதாக இருந்தால் ஒரே ஒரு விதி: ஒரு பிள்ளை ஒரே மூச்சில் சொல்ல முடியாத வசனம் வேண்டாம். எழுதியதும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். உங்களுக்கே மூச்சு வாங்கினால் இரண்டாக உடைத்து இரண்டு பேருக்குக் கொடுத்துவிடலாம்.

நான்கு பெரியவர்கள்

இயக்குநர் ஒருவர், இசைக்கு ஒருவர், மேடைப் பொறுப்பாளர் ஒருவர், பிள்ளைகள் பொறுப்பாளர் ஒருவர். முதல் இரண்டு வேலைக்கும் ஆள் தானாகக் கிடைத்துவிடும். நான்காமவரைத்தான் எல்லாப் பள்ளியும் மறந்துவிடுகிறது. மேடைக்கு வெளியே இருக்கும் 150 பிள்ளைகளுக்கு அவர்தான் பொறுப்பு: எந்த வகுப்பு எந்த அறையில், எத்தனை மணிக்குக் கழிப்பறை, யார் அழைத்து வருவது, யார் திரும்பக் கூட்டிப்போவது. பாட்டு ஆசிரியரைவிட இவருக்கு நிதானம் அதிகம் வேண்டும். உங்கள் பள்ளியில் எதற்கும் பதறாத ஒருவர் நிச்சயம் இருப்பார். அவரை இசைக் குழு இழுத்துக்கொள்வதற்கு முன் நீங்கள் இழுத்துக்கொள்ளுங்கள்.

மேடைப் பொறுப்பாளர் ஒரே ஒரு கோப்பு வைத்திருப்பார். இடப்பக்கம் நாடகப் பிரதி, வலப்பக்கம் வெற்றுத்தாள். எந்தச் சொல்லில் எந்த வகுப்பு புறப்பட வேண்டும், எந்தச் சொல்லில் விளக்கு மாற வேண்டும், எந்தப் பாட்டு தொடங்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வெற்றுத்தாளில் பென்சிலால் ஏறும். பென்சில்தான், பேனா வேண்டாம். எப்படியும் பத்து முறை அழிக்க வேண்டியிருக்கும்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணுங்கள்

நாடக நாளிலிருந்து 12 வாரம் பின்னால் போங்கள். முதல் நான்கு வாரம் பாட்டு மட்டும். வசனமும் இல்லை, அசைவும் இல்லை. ஐந்தாம் வாரம் பாத்திரத் தேர்வு. ஆறு முதல் எட்டு வரை வகுப்பறைக் காட்சிகள். ஒன்பதாம் வாரம் ஒவ்வொரு வகுப்பும் தனித்தனியாக மேடையைப் பார்க்கும். பத்தாவதில் காட்சிகளை இணைப்பது. பதினொன்றில் முழு ஓட்டம். பன்னிரண்டில் உடை ஒத்திகையும் நாடகமும்.

மூன்று மாதமும் பாடம் கெடாதா என்று பெற்றோரும் தலைமையாசிரியரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிறிய வகுப்புக்கு ஒரு நாளைக்கு 15 நிமிடம், பெரிய வகுப்புக்கு 25 நிமிடம் என்று வரையறுத்துக்கொண்டால் கெடாது. 15 நிமிடம் வீதம் வாரத்தில் ஐந்து நாள் பாடும் வகுப்பு, ஒரே நாளில் 75 நிமிடம் பாடும் வகுப்பைவிட வேகமாகக் கற்கும். கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் அள்ளிப்போட்டுக்கொள்ளும் பள்ளியில்தான் பாடமும் கெடும், தொண்டையும் கெடும்.

யாருக்கு எந்த வேடம்?

தேர்வின்போது பிள்ளைகளை ஒருவர் ஒருவராக அழைக்காதீர்கள். ஐந்து ஐந்து பேராக வரட்டும். ஆளுக்கு மூன்று வரி வாசிக்கட்டும், ஒரு பாட்டைச் சேர்ந்து பாடட்டும். உரக்கப் பேசும் பிள்ளையைத்தான் நம் கண் முதலில் பிடிக்கும். நான் பார்ப்பது வேறு: மற்றவர் வாசிக்கும்போது இந்தப் பிள்ளை என்ன செய்கிறது? காது கொடுத்துக் கேட்கிறதா? மேடையில் ஒரு நடிகருக்கு முக்கால் பங்கு வேலை கேட்பதுதான். குரலைப் பயிற்சியால் வளர்த்துவிடலாம். கேட்கும் பழக்கத்தைப் பன்னிரண்டு வாரத்தில் வளர்ப்பது கடினம்.

முடிவைச் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேடம் கிடைக்காத பிள்ளையிடம் நேரில் சொல்லுங்கள். அதே மூச்சில் அவருக்கு என்ன பொறுப்பு என்பதையும் சொல்லுங்கள். பொறுப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வரிசைத் தலைவர் ஒருவர், வரிசைக் கடைசியர் ஒருவர் வேண்டும். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். பின்னால் வருகிறவருக்கு யாரும் விடுபடவில்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். மேடையில் வாய் திறக்க மறுத்த ஒரு சிறுமியை வரிசைத் தலைவராக்கினேன். இருட்டில் முப்பது பேரை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் அழைத்துவந்து நிறுத்தினாள். அந்த ஆண்டு நாடகத்தைத் தாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

வேடத்தைப் பிள்ளையின் அளவுக்கு வெட்டித் தைப்பது புதிய யோசனையும் அல்ல. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், விவிலியத்தில் பெருவெள்ளத்துக்குத் தப்பிய நோவாவின் பேழைக் கதையை வைத்துப் பிள்ளைகளுக்காக ஓர் இசை நாடகம் எழுதினார். 1958-இல் இங்கிலாந்தில் உள்ள ஆர்ஃபர்டு தேவாலயத்தில் அது முதன்முறை நடந்தது. வயலின் பிடிக்கக் கற்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைக்காக, விரலே வைக்காமல் வெறுந்தந்தியில் வாசிக்கும் பகுதியை அதில் தனியாக எழுதினார். மழைத்துளியின் ஓசைக்குக் கயிற்றில் தொங்கவிட்ட கோப்பைகளைத் தட்டச் செய்தார். விலங்குகளாக வரும் பிள்ளைகள் அணிவகுத்துப் பாடியபடியே பேழைக்குள் நுழைவார்கள். நடப்பதையே நாடகமாக்கலாம் என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பேசும் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு "நிழல்" வேண்டும். அதே வகுப்பில், அதே வசனத்தை அறிந்த இன்னொரு பிள்ளை. வாரத்தில் ஒரு நாள் ஒத்திகையில் நிழல்தான் நடிக்கும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். நாடகத்தன்று பார்த்து வரும். இரண்டு நாள் நாடகம் என்றால் முதல் நாள் ஒருவர், மறுநாள் நிழல் என்று மாற்றிப்போட்டுவிடுங்கள். அழுகையும் பாதியாகக் குறையும்.

இரைச்சலைத் தாங்க முடியாத பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். காதுக்கு ஒலித்தடுப்பு மாட்டிக்கொள்ளலாம், கதவருகே இடம் கொடுக்கலாம், நம்பிக்கையான பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றை மட்டும் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள்: கைதட்டல். அந்த நாளிலேயே மிகப் பெரிய ஓசை அதுதான், ஒத்திகையில் ஒரு முறைகூடக் கேட்காத ஓசையும் அதுதான். ஒத்திகை பார்க்கும் வகுப்பை வேண்டுமென்றே பலமாகக் கைதட்டச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்காகச் சாய்தளம் கடைசி நாளில் தேடாமல் முதல் வாரமே வந்துவிட வேண்டும். சாய்தளம் வழியாக எல்லோருமே ஏறி இறங்கட்டும். படியைவிட அது எல்லோருக்கும் பாதுகாப்பு.

பாட்டு: சுருதிதான் முதல் தவறு

பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளைகள் பாடுவதில்லை, கத்துகிறார்கள். காரணம் பிள்ளைகள் அல்லர். பெரியவர்கள் தங்கள் குரலுக்கு வசதியாகச் சுருதி வைத்துவிடுகிறார்கள். அது பிள்ளைகளுக்குத் தாழ்ந்துபோகிறது. தாழ்ந்த சுரங்களில் பிள்ளையின் குரல் எடுபடாது. "கேட்கவில்லை, சத்தமாக!" என்று நாம் சொல்கிறோம். அவர்கள் கத்தத் தொடங்குகிறார்கள்.

ஐந்தாறு வயதினர்க்கு, கீபோர்டின் நடு ஸி-க்கு அடுத்த டி முதல் அதற்கு மேலுள்ள ஏ வரை சுகமாக வரும். ஹார்மோனியக் கணக்கில் 2 கட்டை முதல் 6 கட்டை வரை. ஒன்பது, பத்து வயதில் நடு ஸி-யிலிருந்து ஒரு ஸ்தாயி முழுவதும் (அடுத்த ஸி வரை) போய், அதற்கு மேலும் ஓரிரு சுரம் எட்டும். பாட்டின் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் இருந்தால் கத்தவேண்டிய தேவையே வராது. கரோக்கி இசை பெரியவர்கள் குரலுக்கு அமைந்திருக்கும். வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் உயர்த்தித் தரும் மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன, பயன்படுத்துங்கள்.

ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் பாடுவது பிள்ளைகளின் குரலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். சில பிள்ளைகள் உங்கள் ஆழத்தை எட்டிப்பிடிக்க முயன்று உறுமுவார்கள். அப்படி நேர்ந்தால் கீபோர்டில் மெட்டை வாசித்துக் காட்டுங்கள், அல்லது நன்றாகப் பாடும் ஒரு மாணவியை முன்னால் நிறுத்தி, அவளைக் கேட்டுப் பாடச் சொல்லுங்கள்.

கற்பிக்கும் முறை பழையதுதான்: நீங்கள் ஒரு வரி, அவர்கள் ஒரு வரி. தாளைக் கையில் கொடுக்காதீர்கள். தாள் கைக்கு வந்ததும் தலை குனியும், குரல் தரைக்குப் போகும். கடைசிச் சரணத்திலிருந்து தொடங்குங்கள் என்பது நான் தாமதமாகக் கற்ற பாடம். முதல் சரணத்தை எல்லோரும் நூறு முறை பாடியிருப்பார்கள், கடைசிச் சரணத்தைப் பத்து முறை. மேடையில் நாலாவது நிமிடத்தில் முணுமுணுப்பாகிப் போகும் பாட்டுகளுக்கெல்லாம் காரணம் இதுதான். பின்னாலிருந்து முன்னால் கற்பித்தால், பாடப் பாடத் தெரிந்த இடத்தை நோக்கியே போவார்கள். சொற்கள் தூக்கத்திலும் வரும் என்ற நிலை வந்த பிறகே கையசைவு. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் கை ஆடும், வாய் மூடிக்கொள்ளும்.

பின்னணி இசை நேரடியாகவா, பதிவாகவா? வாசிக்க ஒருவர் இருந்தால் நேரடிதான். ஒரு பிள்ளை இரண்டாம் வரியை மறந்து நின்றால் பியானோ வாசிப்பவர் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து காத்திருப்பார். பதிவு செய்த இசை யாருக்காகவும் காத்திருக்காது. பதிவுதான் என்றால், ஒவ்வொரு பாட்டுக்கும் தொடக்கத்தில் நீளமான முன்னிசை வைத்து, பிள்ளைகள் ஏறி நிற்கும் நேரத்தை அதிலேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த முக்கால் நிமிடம் நினைவிருக்கிறதல்லவா? இசையை இயக்குபவர் எல்லா ஒத்திகைக்கும் வரட்டும். நாடகத்தன்று புதிதாக வந்து பொத்தானை அழுத்தும் உறவினர் வேண்டவே வேண்டாம்.

நடக்கக் கற்பித்தல்

"மேடையின் இடப்பக்கம்" என்றால் நடிகருக்கு இடப்பக்கமா, பார்வையாளருக்கு இடப்பக்கமா? நாடக வழக்கில் நடிகருடைய இடப்பக்கம்தான். ஆறு வயதுப் பிள்ளைக்கு இதை விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒரு பக்கத்து வாசலில் சிவப்புத் துணி, மறுபக்கம் நீலத் துணி கட்டிவிடுங்கள். "சிவப்பில் வந்து நீலத்தில் போ." வேலை முடிந்தது. வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி. இரண்டும் ஒருபோதும் ஒன்றாகக் கூடாது. இருப்பது ஒரே கதவு என்றால், முதல் அணி பார்வையாளர் நடுவே உள்ள நடைபாதை வழியாக இறங்கிப் போகட்டும். மேகங்களை நான் இப்போதெல்லாம் அப்படித்தான் அனுப்புகிறேன். பெற்றோருக்கும் மிகவும் பிடித்திருக்கிறது.

தரையில் வண்ண ஒட்டுநாடாவால் குறி போடுங்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறி என்று முப்பது போட்டால் தரை அம்மைத் தழும்பாகிவிடும். வரிசைத் தலைவர் நிற்கும் இடம், கடைசியர் நிற்கும் இடம், நடு இடம்: வகுப்புக்கு மூன்று குறி போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இரு பக்கமும் யார் என்பது தெரிந்திருந்தால் வரிசை தானாக அமையும். "டீச்சர், நான் எங்கே நிற்பது?" என்று கேட்டால், "உன் பக்கத்தில் யார்?" என்று திருப்பிக் கேளுங்கள்.

ஒத்திகை நேரம் குறைவாக இருந்தால் காட்சியை விட்டுவிட்டு, நுழைவதையும் வெளியேறுவதையும் மட்டும் ஒத்திகை பாருங்கள். ஏறு, நில், முதல் வரி பாடு, இறங்கு. அரை மணி நேரத்தில் ஆறு வகுப்பையும் இரண்டு சுற்று ஓட்டிவிடலாம். வசனத்தை மறந்தால் பிள்ளையின் நண்பர் எடுத்துக்கொடுப்பார். கதவை மறந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

வசனம் எடுத்துக்கொடுக்கப் பெரியவர் ஒருவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. திரைக்குப் பின்னாலிருந்து வரும் கிசுகிசுப்பு பிள்ளைக்குக் கேட்காது, முதல் வரிசைக்கு நன்றாகக் கேட்கும். அவர் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். தெரிந்த முகம் வாயசைத்தாலே பாதி வசனம் திரும்பி வந்துவிடும்.

உடை, மேடைப் பொருள், மைக், விளக்கு

உடைக்கு என் சூத்திரம்: எல்லோருக்கும் ஒரே நிறத்தில் அவரவர் வீட்டு உடை, அதன் மேல் ஓர் அடையாளம் மட்டும். எறும்புக்கு உணர்கொம்பு, ஆற்றுக்கு நீலத் துணிப்பட்டை. வாயை மூடும் முகமூடி கூடாது. பாட்டு உள்ளேயே நின்றுவிடும். ஊசிக்குப் பதில் ஒட்டுப்பட்டை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுங்கள், காலணி உட்பட. முகத்துக்கு வண்ணம் பூசுவதாக இருந்தால் முந்தின நாளே கையில் சிறிது தடவிப் பார்த்துவிட வேண்டும். நாடகத்தின் நடுவில் ஒரு பிள்ளைக்கு உடை மாற்ற வேண்டியிருந்தால் கதையை மாற்றுங்கள்.

அரங்க அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: குறைவாக வையுங்கள், கனமாக வையுங்கள். ஒரு பிள்ளை சாய்ந்தால் விழக்கூடிய எதுவும் மேடையில் இருக்கக் கூடாது. வயர்கள் முழுவதும் தரையோடு ஒட்டப்பட வேண்டும். உண்மையான நெருப்பு எந்த வடிவிலும் வேண்டாம். அவசர வழியை மறைத்து நாற்காலி போடும் ஆசையையும் விட்டுவிடுங்கள்.

தலையில் மாட்டும் மைக் முதன்மைப் பாத்திரங்களுக்கு மட்டும். சேர்ந்திசைக்கு முன்னால் இரண்டு மூன்று நிலை மைக் போதும். கை மைக்கை ஒருவர் மாற்றி ஒருவர் வாங்கிப் பேசும் முறையில் பாதி வசனம் காற்றோடு போய்விடும். ஒலிபெருக்கிகள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளர் பக்கமாக இருக்கட்டும். பின்னால் வைத்தால் கீச்சிடும். ஒவ்வொரு முறை நாடகம் நடக்கும்போதும் பேட்டரி புதிது. மேடையை விட்டு இறங்கியவரின் மைக்கை அணைக்க மறக்காதீர்கள். எங்கள் சேவல் கழிப்பறையில் பாடிய பாட்டு அரங்கம் முழுவதும் கேட்டது; அன்று அதிகக் கைதட்டலும் அதற்குத்தான்.

விளக்கில் இரண்டு எச்சரிக்கைகள். வெட்டி வெட்டி மின்னும் விளக்கு வேண்டாம். சிலருக்கு அது வலிப்பைத் தூண்டும். முழு இருட்டும் வேண்டாம். ஐந்து வயதுப் பிள்ளை இருட்டில் அசையாது, அல்லது அம்மாவைத் தேடி ஓடும். காட்சி மாறும்போது மங்கிய நீல வெளிச்சம் போதும்.

கடைசி வாரம்

விளக்கு, ஒலி, மேடைப் பொறுப்பாளர் மூவரும் பிள்ளைகள் இல்லாமல் ஒரு மாலை முழுப் பிரதியையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கைச் சரிசெய்யும் வரை 180 பிள்ளைகளைக் காத்திருக்க வைப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை.

முதல் உடை ஒத்திகை குளறுபடியாகத்தான் போகும். உடை பிள்ளைகளுக்குப் புதுப் பொம்மை. உணர்கொம்பை இழுத்துப் பார்க்காமல் எந்த எறும்பும் இருக்காது. அதனால் நாடகத்துக்கு மூன்று நாள் முன்பே அதை நடத்தி, அந்த ஆவலைத் தீர்த்துவிடுங்கள். இரண்டாவது உடை ஒத்திகையில் வகுப்புகள் ஒன்றையொன்று பார்க்கட்டும். எல்லோரும் நடிக்கும் நாடகத்தை நடிப்பவர்களில் பலர் முழுதாகப் பார்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நாடக நாள்

பெஞ்சில் உட்காராத ஒவ்வொரு வகுப்பும் தன் வகுப்பறையில் காத்திருக்கும். கூடவே இரண்டு பெரியவர்கள், பெயர்ப்பட்டியல், வண்ணம் தீட்டத் தாள், தண்ணீர். திரைக்குப் பின்னால் ஒரு நேரத்தில் அடுத்த வகுப்பு மட்டுமே நிற்க வேண்டும். கூட்டி வருபவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் வகுப்பறைக்குப் போவார். பத்து நிமிடத்துக்கு முன்னால் எல்லோரும் கழிப்பறை போயிருப்பார்கள். "எனக்கு வரவில்லை" என்று சொல்லும் பிள்ளையும் போகட்டும். தலையெண்ணிக்கை மூன்று முறை: அறையை விட்டுக் கிளம்பும்போது, மேடை ஏறும் முன், அறைக்குத் திரும்பியதும்.

படம் எடுக்கப் பெற்றோர் எழுந்து நிற்பார்கள். யார் யாருடைய பிள்ளையைப் படம் எடுக்கலாம், எங்கே பகிரலாம் என்ற அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, தொடக்கத்தில் ஒரு முறை அறிவித்துவிடுங்கள். பள்ளியே ஒரு படப்பிடிப்பாளரை வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும்.

ஏதாவது தவறும். மரம் சாயும், ஒருவர் அழுவார், இசை தொடங்காது. அதற்காகவே பெஞ்சில் இருக்கும் சேர்ந்திசைக் குழுவுக்கு இசையே இல்லாமல் பாடக்கூடிய ஒரு பாட்டைப் பழக்கி வைத்திருங்கள். நீங்கள் கையை உயர்த்தினால் அவர்கள் பாடத் தொடங்குவார்கள்; அந்த இரண்டு நிமிடத்தில் எதையும் சரிசெய்துவிடலாம். நான் அதை நான்கு நாடகங்களில் பயன்படுத்தியிருக்கிறேன். மூன்று முறை, அது கதையின் பகுதி என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முடிந்ததும் பிள்ளைகளை அரங்கத்திலேயே பெற்றோரிடம் விட்டுவிடாதீர்கள். எல்லோரும் வகுப்பறைக்குத் திரும்ப வேண்டும். அங்கே பட்டியலில் பெயர் உள்ள பெரியவர் வந்து அழைத்துப்போக, ஆசிரியர் ஒவ்வொரு பெயராகக் குறிக்க வேண்டும். இதை நாடகம் தொடங்கும் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சொன்னால் கைதட்டலில் எவர் காதிலும் விழாது.

மறுநாள் காலை, தரையில் ஒட்டிய குறிகளை உரித்து எடுப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு ஏற எத்தனை விநாடி ஆனது, எந்தக் கதவில் நெரிசல், யார் நிழலாக வந்து காப்பாற்றினார் என்பதை அன்றே மேடைப் பொறுப்பாளரின் கோப்பில் எழுதிவிடுங்கள். அடுத்த ஆண்டு அந்தக் கோப்பு உங்கள் கையில் இருக்கும் என்று உறுதியில்லை. வேறொருவர் எடுத்துப் படித்தாலும் புரியும்படி எழுதுங்கள்.